17 அடி பைபர் போட்டுக்குப் புது அவுட்போர்டு: 90 எச்.பி.யா, 70 எச்.பி.யா?

அரியாங்குப்பம்_அலை

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா இதே யோசனைதான், அதான் இங்க கேட்டுடறேன்.

எங்கிட்ட 17 அடி பைபர் போட்டு ஒண்ணு இருக்கு. ஒரு ரிசார்ட்டுல சுற்றுலாக்காரங்களை ஏத்திட்டு இருந்தது, அவங்க கடையை மூடினப்ப வாங்கினேன். வி வடிவ அடிப்பாகம். மோட்டார் மாட்டற பின்பலகை 5 அடி அகலம், 20 அங்குல உயரம். வெறும் போட்டு சுமார் 450 கிலோ வரும். அதுல இருந்த 60 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டுக்கு வெளிய பின்னாடி மாட்டற மோட்டார், போன ஐப்பசியில பிஸ்டன் பிடிச்சு நின்னுடுச்சு. பிரிச்சுப் பார்த்தா தண்ணி சுத்தற வழியெல்லாம் உப்புக் கட்டி. முன்னாடி வச்சிருந்தவங்க நல்ல தண்ணி விட்டுக் கழுவினதே இல்லைன்னு தெரியுது.

வேலை இதுதான்: விடியக்காலம் அரியாங்குப்பம் முகத்துவாரம் வழியா நாலு பேர் வெளிய போறது, 10, 12 கடல்மைல் தள்ளித் தூண்டில் போடறது, மத்தியானக் கடல்காத்து ஏறறதுக்குள்ள திரும்பறது. வேகம் எனக்கு முக்கியம். 35 நாட், அதாவது மணிக்கு 35 கடல்மைல், வேணும்னு ஆசை.

கையில இருக்கற வழிகள்: புது 90 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக். இல்லன்னா 70. இல்லன்னா ஒருத்தர் பழைய எவின்ரூட் ஈ-டெக் 90 ஒண்ணைப் பாதி விலைக்குத் தர்றேங்கறார், அது நேரடி இன்ஜெக்‌ஷன் டூ-ஸ்ட்ரோக். மனசு 90 பக்கம்தான் போகுது. சொல்லுங்க.

உப்பனாறு_மெக்கானிக்

தம்பி, கடலூர் முதுநகர்ல முப்பது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன். மோட்டாரை அப்புறம் பேசுவோம். பின்பலகையைத் தட்டிப் பார்த்தியா?

பழைய போட்டு, அதுவும் சுற்றுலா ஓட்டின போட்டுன்னா, உள்ள பிளைவுட் வச்சு மேல பைபர் பூசியிருப்பாங்க. மோட்டார் போல்ட் போற ஓட்டை வழியா வருஷக்கணக்கா தண்ணி இறங்கும். வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும், உள்ள மரம் புட்டு மாதிரி ஆகியிருக்கும். பிளாஸ்டிக் சுத்தியால மேலேர்ந்து கீழ வரைக்கும் தட்டு. கணீர்னு கேட்டா சரி. பொத்துன்னு கேட்டா தப்பு. சந்தேகம் இருந்தா உள்பக்கத்துல, தரைக்கு நாலு விரல் மேல, சின்ன டிரில் போடு. வர்ற தூள் மஞ்சளா காஞ்சு வந்தா நல்லது. கறுப்பா ஈரமா வந்தா 90ஐ மற, 9 எச்.பி. கூட மாட்டாதே.

கணக்குப்_படகு

சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. அது முடியட்டும் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போடுகிறேன்.

படகு 450, மோட்டார் 120, நாலு பேர் 280, பெட்ரோலும் பேட்டரியும் ஐஸ் பெட்டியும் நங்கூரமும் 100. மொத்தம் 950 கிலோ, அதாவது ஏறக்குறைய 2,090 பவுண்டு. குரௌச் சூத்திரம் என்று ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. எடையைப் பவுண்டில் எடுத்து எச்.பி.யால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் ஒரு மாறிலியை வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். இந்த மாதிரிப் படகுக்கு 180 என்று போடலாம்.

70 எச்.பி.க்கு ஏறக்குறைய 28.6 நாட் வருகிறது. 90க்கு? இங்கேதான் பலரும் தவறுவது. 90 எச்.பி. ஃபோர்-ஸ்ட்ரோக் 155 முதல் 165 கிலோ. யமஹா எஃப்90, மெர்க்குரி 90 இரண்டும் 160ஐத் தாண்டும், சுசுகி டி.எஃப்.90ஏ 155 கிலோ. அந்தக் கூடுதல் எடையையும் சேர்த்தால் 31.8 நாட். 20 எச்.பி. கூடுதலாகக் கொடுத்து 3 நாட்தான் வாங்குகிறீர்கள். வேகம் எச்.பி.யோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடுதான் ஏறுகிறது. 35 நாட் வேண்டுமென்றால் 110 எச்.பி.க்கு மேல் போக வேண்டும். அந்த மோட்டாரின் எடையும் ஏறிவிடும்.

இன்னொன்று. நம்மூர்ப் படகுகளில் அதிகபட்ச எச்.பி. எழுதிய தகடு பெரும்பாலும் இருக்காது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதியில் ஒரு கணக்கு உண்டு: நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்குங்கள். 17 பெருக்கல் 5, 85. ஸ்டியரிங் சக்கரமும் 20 அங்குலப் பின்பலகையும் இருந்தால் அதை இரட்டித்து 90 கழிக்க வேண்டும். 80 வருகிறது. உங்கள் படகுக்கு 80 எச்.பி.தான் எல்லை. அந்த விதி இங்கே சட்டமில்லை. ஆனால் உடைந்து போன பின்பலகைகளைப் பார்த்த பிறகு நான் அதை மீற மாட்டேன்.

தாழங்குடா_வலை

எல்லாரும் ஃபோர்-ஸ்ட்ரோக்னே பேசறீங்க. நான் யமஹா எண்டியூரோ 40 டூ-ஸ்ட்ரோக் ஓட்டறேன். ரெண்டு சிலிண்டர், கார்புரேட்டர், கயிறு இழுத்தா கிளம்பும். கடல்ல நின்னுச்சுன்னா பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டி வீட்டுக்கு வந்துடுவேன். கம்ப்யூட்டர் வச்ச மோட்டார் 12 கடல்மைல்ல நின்னா என்ன பண்ணுவீங்க? சென்சாரைத் துடைப்பீங்களா?

எடையும் பாருங்க. என்னுது 80 கிலோ கூட வராது. டூ-ஸ்ட்ரோக்கோட இழுப்பு ஃபோர்-ஸ்ட்ரோக்குல கிடையாது. முகத்துவாரத்துல அலை எழும்பறப்ப கையைத் திருப்பினா உடனே பாயணும். நான் அந்த ஒரு நொடிக்காகத்தான் மோட்டார் வாங்கறேன். தம்பி அந்த ஈ-டெக்கை யோசிக்கலாம்னு தோணுது, அது டூ-ஸ்ட்ரோக்தானே.

நீலக்கடல்

புதுச்சேரில டைவிங் போட்டு ஓட்டறேன், ரெண்டு மோட்டார் மாத்தியாச்சு. தாழங்குடா அண்ணன் சொல்ற அந்த ஒரு நொடி உண்மை. ஆனா அது டூ-ஸ்ட்ரோக்கால மட்டும் வர்றது இல்ல, கியர் விகிதத்தாலயும் புரொப்பெல்லராலயும் வர்றது. அதை கணக்கு அண்ணா விளக்குவார்.

நான் சொல்ல வந்தது பெட்ரோல். இப்ப பங்க்ல கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அவுட்போர்டு கம்பெனிக்காரங்க கையேட்டுல 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம்னு எழுதியிருப்பாங்க. யமஹா, மெர்க்குரி, சுசுகி எல்லாத்துலயும் அப்படித்தான். வண்டிக்கு ஒரு வாரத்துல டேங்க் காலியாயிடும். போட்டு அப்படி இல்ல, மழைக்காலம் முழுக்க நிக்கும். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியோட சேர்ந்து தனியாப் பிரிஞ்சு டேங்க் அடில உக்காந்துடும். மோட்டார் முதல்ல குடிக்கறது அதைத்தான்.

பழைய பைபர் டேங்க் இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. எத்தனால் அந்த ரெசினைக் கரைக்கும், கரைஞ்ச பசை இன்ஜெக்டருக்குள்ள போகும். ரப்பர் குழாய் எல்லாம் புதுசு போடணும். தண்ணி பிரிக்கற ஃபில்டர், 10 மைக்ரான், கட்டாயம். ஒரு வாரம் நிக்கப் போகுதுன்னா டேங்க்ல வச்சிருக்காதீங்க. எனக்கு ரெண்டாவது மோட்டார் போனது இதனாலதான், அதனாலதான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

உப்பனாறு_மெக்கானிக்

நீலக்கடல் அம்மா சொன்னது நூத்துக்கு நூறு.

ஈ-டெக் பத்தி. நல்ல மோட்டார், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பி.ஆர்.பி. கம்பெனி 2020ல எவின்ரூட் தயாரிக்கறதையே நிறுத்திட்டாங்க. அந்த இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் தனி ரகம், வேற எதுலயும் எடுத்து மாட்ட முடியாது. நாளைக்கு ஒரு இன்ஜெக்டர் போனா எங்க தேடுவ? தாழங்குடா தம்பியோட எண்டியூரோ சாமான் எந்த ஊர்லயும் கிடைக்கும். ரெண்டும் டூ-ஸ்ட்ரோக்னு ஒரே தட்டுல வைக்காதீங்க.

பாதி விலைன்னு ஆசைப்பட்டா ஒண்ணு மட்டும் செய்: கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள இருக்கற அழுத்தம், அளந்து பாரு. மூணு சிலிண்டருக்கும் அளவு பத்து சதவீதத்துக்குள்ள ஒத்துப் போகணும். கியர் ஆயில் கொஞ்சம் இறக்கிப் பாரு, பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம். ஆனா எம் பேச்சு கேட்டா வேண்டாம்.

அரியாங்குப்பம்_அலை

மெக்கானிக் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி டிரில் போட்டேன். மூணு ஓட்டை. மேல ஒண்ணு காஞ்சு வந்தது. கீழ ரெண்டும் கறுப்பு, கையில பிசைஞ்சா தண்ணி. விரலால நோண்டினா மரம் நார் நாரா வருது.

வாங்கினப்ப போட்டைப் பார்த்துச் சொன்ன ஆள் "சூப்பரா இருக்கு"ன்னு சொல்லிட்டுக் காசு வாங்கிட்டுப் போனார். இந்தப் பலகையோட நான் ஒரு வருஷம் நாலு பேரை ஏத்திட்டு வெளிய போயிருக்கேன். நேத்து ராத்திரி அதை நினைச்சுட்டே உக்காந்திருந்தேன்.

இப்ப என்ன பண்றது? வெளிப்பக்கம் வெட்டறதா, உள்பக்கமா?

உப்பனாறு_மெக்கானிக்

இப்பவே தெரிஞ்சுதே, அது போதும் தம்பி. நிறைய பேருக்குக் கடல்லதான் தெரியும்.

உள்பக்கத்துலேர்ந்து வெட்டு. வெளித்தோல் அப்படியே இருக்கட்டும், போட்டோட வடிவம் மாறாது. ஈரமான மரம் ஒரு துணுக்கு விடாம சுரண்டி எடு. ரெண்டு நாள் ஃபேன் வச்சுக் காய வை. பலகை வாங்கறப்ப ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கு, அதுதான் மரைன் பிளை. கடைக்காரன் 303 முத்திரையைக் காட்டி "இதுவும் தண்ணிக்குத் தாங்கும்"பான். அது வீட்டு அலமாரிக்கு. 18 மில்லி கனப் பலகை ரெண்டு, எபாக்சிப் பசையில ஒட்டி, ஓரம் எல்லாம் எபாக்சி குடிக்க விடு. வெட்டு முனைதான் தண்ணி குடிக்கற வாய்.

போல்ட் ஓட்டை போடறப்ப அவசரப்படாதே. முதல்ல பெரிசா துளை போட்டு, கெட்டி எபாக்சி நிரப்பி, காஞ்சதும் அதுக்கு நடுவுல 12 மில்லி துளை போடு. அப்ப போல்ட்டைச் சுத்தி மரமே இருக்காது, தண்ணி வந்தாலும் இறங்க வழி இல்ல. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். பாத்ரூம் சிலிக்கோன் வைக்காதே, மரைன் சீலன்ட் வை. உள்பக்கம் பெரிய வாஷர் இல்ல பிளேட்.

கணக்குப்_படகு

பலகை காயும் நேரத்தில் கியர் விஷயம் சொல்லிவிடுகிறேன்.

60, 70 எச்.பி. வகையில் பல மோட்டார்கள் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். யமஹா எஃப்70 நாலு சிலிண்டர், 996 சிசி. மெர்க்குரி 60 நாலு சிலிண்டர், 995 சிசி, 112 கிலோ. சுசுகி டி.எஃப்.60ஏ மூன்று சிலிண்டர், 941 சிசி, 104 கிலோ. இவற்றை வேறுபடுத்துவது கியர். மெர்க்குரி 60இன் சாதாரண கியர் விகிதம் 1.83, அதே மோட்டார் கமாண்ட் த்ரஸ்ட் கியருடன் 2.33. சுசுகி 2.27. எஃப்70 2.33.

2.33 என்றால் இன்ஜின் 2.33 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. அதனால் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றலாம். பெரிய புரொப்பெல்லர் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். தாழங்குடா அண்ணன் கேட்ட அந்த ஒரு நொடி அங்கேதான் இருக்கிறது. அதே 60 எச்.பி.யை 1.83 கியரோடு நாலு பேர் ஏறிய படகில் மாட்டினால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், படகு தண்ணீர் மேல் ஏறவே நேரமாகும்.

வேகக் கணக்கு எளிது. பிட்ச் என்பது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், ஆர்.பி.எம். என்பது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. ஆர்.பி.எம். பெருக்கல் பிட்ச் அங்குலம், அதைக் கியர் விகிதத்தாலும் 1,215ஆலும் வகுத்தால் நாட். 6,000 சுற்றில் 13 அங்குலப் பிட்ச், 2.33 கியர்: 27.5 நாட். புரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்குவதால் அதில் 10 முதல் 15 சதவீதம் நழுவலாகப் போகும். பிட்ச் ஒரு அங்குலம் கூட்டினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். இறங்கும்.

எஃப்70 முழுத் திராட்டிலில் 5,300க்கும் 6,300க்கும் நடுவே சுற்ற வேண்டும். நாலு பேரும் சாமானும் ஏற்றிய நிலையில் 5,900, 6,000 தொடுகிற மாதிரிப் புரொப்பெல்லர் எடுங்கள். தனியாக ஓட்டும்போது வேகமாகப் போகிறதே என்று பிட்ச் கூட்டினால், சுமை ஏறிய நாளில் மோட்டார் மூச்சு வாங்கும். மோட்டாரின் எச்.பி. 25 டிகிரி வெப்பத்தில் அளந்து சொல்வது. நம் மே மாத வெயிலில் அவ்வளவும் கிடைக்காது, அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

தாழங்குடா_வலை

கியர் விஷயம் புரிஞ்சுது, ஒத்துக்கறேன். ஆனா ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர் வாங்கச் சொல்லாதீங்க. அரியாங்குப்பம் முகத்துவாரம் மண்ணு மூடி மூடித் திறக்கற இடம். போன வாரம் ஆழம் இருந்த இடத்துல இந்த வாரம் முழங்கால் தண்ணி. அலுமினியம்னா மண்ணுல இடிச்சா பிளேடு வளையும், வேற மாட்டிக்கலாம். ஸ்டெயின்லெஸ் வளையாது, அடி நேரா கியருக்குப் போகும்.

இன்னொண்ணு, மண்ணு கலந்த தண்ணியை மோட்டார் உறிஞ்சினா வாட்டர் பம்ப் இம்பெல்லர் தேயும். வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. பின்னாடி பீச்சியடிக்கற தண்ணி மெலிசாச்சுன்னா அன்னைக்கே நிறுத்துங்க.

நீலக்கடல்

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: சர்வீஸ் யார் செய்வாங்க? முதல் 20 மணி நேரத்துல ஆயில் மாத்தணும், அப்புறம் 100 மணிக்கு ஒருதரம். அதுக்கு ஆள் சென்னையிலேர்ந்து வரணும்னா மோட்டாரோட விலையில அதையும் சேர்த்துப் பாருங்க. யமஹால டைமிங் பெல்ட், அதை காலக்கெடு வச்சு மாத்தணும். சுசுகில செயின், ஆயில்லயே ஓடும். இதெல்லாம் விளம்பரத்துல வராது.

அதோட கில் ஸ்விட்ச் கயிறு, ஓட்டறவர் உடம்புல மாட்டிக்கறது, அவர் விழுந்தா இழுபட்டு மோட்டாரை நிறுத்திடும். மாட்டாம ஒரு அடி கூட ஓட்டாதீங்க. ஓட்டறவர் அலையில தூக்கி வெளிய விழுந்தா, ஆள் இல்லாத போட்டு வட்டம் போட்டு அவர் மேலயே வரும்.

அரியாங்குப்பம்_அலை

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன். பின்பலகை முடிஞ்சது. மெக்கானிக் அண்ணன் ஒருநாள் நேர்லயே வந்து பார்த்தார், வண்டிச் செலவு கூட வாங்கலை. பைபர் டேங்கைக் கழட்டிட்டேன், குழாய் எல்லாம் புதுசு, ஃபில்டர் போட்டாச்சு.

எஃப்70 எடுத்தேன். 90 வேண்டாம்னு முடிவானது எனக்கே ஆச்சரியம். அந்தக் கறுப்புத் தூளைக் கையில பிசைஞ்சதுக்கு அப்புறம் 40 கிலோ கூடுதலா அந்தப் பலகையில தொங்கவிட மனசு வரலை, பலகை புதுசா இருந்தாலும்.

முதல் 10 மணி நேரம் கையேட்டுல சொன்ன மாதிரி மெதுவா ஓட்டினேன். அப்புறம் ஜி.பி.எஸ். வச்சு அளந்தது:

13 பிட்ச், ரெண்டு பேர்: 6,300 தொட்டு மோட்டார் தானா கட் ஆகுது, 26 நாட்.

14 பிட்ச், ரெண்டு பேர்: 6,150, 27.4 நாட்.

14 பிட்ச், நாலு பேர், ஐஸ் பெட்டி, எல்லாம்: 5,900, 25.6 நாட்.

4,200ல நாலு பேரோட 17 நாட், மணிக்கு ஏறக்குறைய 11 லிட்டர். பழைய டூ-ஸ்ட்ரோக் இதே வேகத்துக்கு 18 லிட்டருக்குக் குறையாம குடிச்சது, ஆயில் வேற தனி. பேசிட்டே போக முடியுது, அவ்வளவு சத்தம் கம்மி.

கணக்கு அண்ணா, 28.6 சொன்னீங்க, 25.6தான் வந்தது. எங்க தப்பு?

கணக்குப்_படகு

தப்பு என்னுடைய மாறிலியில். 180 என்பது புதிய, வழவழப்பான அடிப்பாகத்துக்கு. உங்கள் அளவுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், நாலு பேருக்கும் ரெண்டு பேருக்கும் 160ஐ ஒட்டியே வருகிறது. அதுதான் உங்கள் படகின் உண்மையான எண், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 90 மாட்டியிருந்தால் அதே 160இல் 28 நாட் சொச்சம்தான் வந்திருக்கும்.

நழுவல் நாலு பேரோடு 12 சதவீதம். நல்ல அளவு. அடிப்பாகத்தில் பழைய பெயின்ட் உரிந்து சொரசொரப்பாக இருந்தால் தேய்த்துப் பாருங்கள், அரை நாட் அங்கே இருக்கலாம்.

உப்பனாறு_மெக்கானிக்

மோட்டார் உயரம் பார்த்தியா? கேவிட்டேஷன் பிளேட், அதான் புரொப்பெல்லருக்கு மேல இருக்கற தட்டு, போட்டோட அடிக்கு நேரா இருக்குன்னு நீ அனுப்பின படத்துல தெரியுது. மோட்டாரை ஒரு போல்ட் ஓட்டை அளவு மேல தூக்கி மாட்டிப் பாரு, முக்கால் அங்குலம்தான். தண்ணிக்குள்ள இருக்கற மோட்டார் கால் குறைஞ்சா தண்ணி பிடிச்சு இழுக்கறது குறையும். ஆனா ஒரு கண்ணு தண்ணி பீச்சறது மேலயே இருக்கட்டும்.

அரியாங்குப்பம்_அலை

தூக்கிப் பார்த்தேன் அண்ணே. நாலு பேரோட 6,000 ஆர்.பி.எம்., 26.4 நாட். நேராப் போறப்ப அருமையா இருந்தது.

ஆனா நேத்து திரும்பி வர்றப்ப முகத்துவாரத்துல அலை மடிஞ்சுட்டு இருந்தது. இடது பக்கம் மணல் திட்டு தெரிஞ்சதும் சட்டுன்னு வலப்பக்கம் ஒடிச்சேன். அந்தத் திருப்பத்துல புரொப்பெல்லர் காத்தை இழுத்துடுச்சு. மோட்டார் மட்டும் அலறுது, போட்டு நகரலை. ரெண்டு நொடி இருக்கும். பின்னாடி அலை ஏறிட்டு இருந்தது. திராட்டிலைக் குறைச்சுத் திரும்பக் கொடுத்ததும் பிடிச்சுக்கிச்சு, உள்ள வந்துட்டோம்.

கரைக்கு வந்ததும் முதல் வேலையா பழைய ஓட்டைக்கே இறக்கிட்டேன். 25.6 போதும்.

தாழங்குடா_வலை

சரியாப் பண்ண தம்பி. இறக்கினப்ப போல்ட்டுக்கு சீலன்ட் புதுசா வச்சியா?

அரியாங்குப்பம்_அலை

வச்சேன் அண்ணே. நாலு போல்ட்டும் கழட்டி, துடைச்சு, புதுசா வச்சு முறுக்கியிருக்கேன். காலியா விட்ட ஓட்டையையும் அடைச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை மறுபடி முறுக்கிப் பார்க்கறேன்.